'பேட் மே தர்த்' என்றால் போதுமா?

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் நம் தொழிலாளி அங்கே என்ன சொல்கிறார்? "பேட் மே தர்த் ஹை, சாப்." அவ்வளவுதான். மும்பைக்கு வந்து இருபது வருஷம் ஆனவரும் அதைத்தான் சொல்கிறார், நேற்று தாதரில் இறங்கியவரும் அதைத்தான் சொல்கிறார். டாக்டர் இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்து, வாயு என்று மாத்திரை எழுதுகிறார். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அவரும் என்ன செய்வார்?

ஊரில் நம் பாட்டிமார் வயிற்றுவலியை ஒரே வார்த்தையில் சொல்வதில்லை. குத்துகிறது, முறுக்கிப் பிழிகிறது, எரிகிறது, கடுக்கிறது, பந்துபோல் உருண்டு எழும்புகிறது என்பார்கள். ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு துப்பு. இந்தப் பேச்செல்லாம் நாம் ரயில் ஏறும்போதே ஊரில் தங்கிவிடுகிறது.

குடல்வால் வீக்கத்தில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கும். சில மணி நேரத்தில் வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கும். இப்போது வலிக்கும் இடத்தை மட்டும் காட்டினால் பாதிக் கதை போயிற்று. இது சாதாரண நோய். அரிய நோய்கள் இதே வேஷத்தில் வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பிறவியிலேயே விரல்போல் ஒரு பை சிலருக்கு உண்டு, நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்கு. 1809-இல் விவரித்த ஜெர்மன் டாக்டர் மெக்கெல் பெயரால் அதைச் சொல்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் தொல்லை தராது. வீங்கினால் குடல்வால் போலவே வலிக்கும். குடல்வால் நன்றாக இருக்கக் கண்ட சர்ஜன், சிறுகுடலை இரண்டு மூன்று அடி இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

குடலில் வரும் காசநோயை நம் நாட்டில் அரிது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் அது எளிதில் சிக்குவதில்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், இருமல் இருக்காது. குடல் உள்ளே புண்ணாகி, தழும்பாகி, சுருங்கிக்கொண்டே வரும்.

எங்கள் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கிய சங்கரன்கோவில் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், எட்டு மாதம் வாயு மாத்திரை விழுங்கினார். மூன்று இடத்தில் காட்டினார். மூன்று இடத்திலும் 'பேட் மே தர்த்'தான். நாலாவது இடத்தில் ஒரு நர்ஸம்மா நாகர்கோவில்காரர். "எப்படி வலிக்குது அண்ணாச்சி?" என்று கேட்டார். இவர் கொட்டிவிட்டார்: "சாப்பிட்ட ஒரு மணி நேரத்துல பாம்பு மாதிரி நெளிஞ்சு எழும்புது தாயி. கடமுடன்னு சத்தம் போட்டு அடங்குது. சாயங்காலம் மேல் சுடுது. வேட்டி இடுப்புல நிக்கல." அதை நர்ஸம்மா இந்தியில் சொன்னதும், சீட்டு எழுதிக்கொண்டிருந்த இளம் டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அன்றைக்கே ஸ்கேன்.

இந்த நோய்க்குக் குறைந்தது ஆறு மாத மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். குடல் அடைத்தாலோ ஓட்டை விழுந்தாலோதான் கத்தி. சுருங்கிய இடத்தை நீளவாக்கில் வெட்டி, குறுக்குவாக்கில் தைத்து அகலமாக்குவதும் உண்டு. நம் தையற்காரர்களுக்கு இந்த வித்தை புரியும். அண்ணாச்சிக்கு அப்படித்தான் செய்தார்கள். இப்போது அவர் மூட்டை தூக்குவதில்லை, டீக்கடை வைத்திருக்கிறார்.

கத்தியே வேண்டாத வலியும் உண்டு. பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் இருப்பவருக்கு ஈயம் உடம்பில் ஏறினால் வயிறு முறுக்கும், மலம் கட்டும், ஈறில் நீலக் கோடு விழலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். என்ன வேலை என்று சொல்லாததால் வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று மூடும் நிலை வரக்கூடாது. இன்னொன்று, வலி வயிற்றுச் சுவரில் சிக்கிய நரம்பால் வருவது. இதற்கு 1926-இல் கார்னெட் என்ற சர்ஜன் செலவில்லாத சோதனை ஒன்று சொன்னார். படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கும்போது அமுக்கிய இடத்தில் வலி கூடினால், கோளாறு சுவரில்தான் இருக்கும். பலருக்கு மரப்பூசி போட்டாலே குறையும்.

நம் சங்கங்கள் பொங்கலுக்கு மேடை போடுகின்றன, பொன்னாடை போர்த்துகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் செலவில் சிறு பங்கை எடுத்து, சயான் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் ஓ.பி.யில் தினம் காலை மூன்று மணி நேரம் இரண்டு மொழியும் தெரிந்த ஓர் ஆளை நிறுத்தினால் என்ன? ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு எழுத ஒரு தாளும் தபால் தலையும் போதுமே.

அதுவரை நாமே செய்யலாம். எங்கே தொடங்கியது, எங்கே போனது, சாப்பிட்டால் கூடுகிறதா, எடை குறைந்ததா, என்ன வேலை என்பதை வீட்டிலேயே தமிழில் எழுதி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து இந்தியில் எழுதி வாங்குங்கள். முறுக்கலுக்கு 'மரோட்', எரிச்சலுக்கு 'ஜலன்'. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் நின்றுபோனால் மட்டும் தாள் எழுத உட்கார வேண்டாம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆட்டோ பிடியுங்கள்.