நீர்பாய்ச்சியின் நடை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையில், பங்குனி மாதத்து உச்சிவெயிலில், என்னுடைய பழைய இருசக்கர வண்டி பிஸ்டன் பிடித்து நின்றுபோக, அதைத் தள்ளிக்கொண்டே ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஆயில் பம்ப் போச்சு அண்ணாச்சி. பம்பை அடைச்சுட்டு, பெட்ரோல்லயே ஆயிலை ஊத்தி ஓட்டுங்க." எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பாகம் எண்ணெய் இருந்தது. மூடியைத் திருகித் திறந்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. மூடியில் காற்று புகுவதற்கென்று இருந்த ஊசித்துளையைக் கரிசல் புழுதி அடைத்திருந்தது. தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் இறங்க மறுத்ததுதான் விஷயம். சிலிண்டருக்குப் போர் போட்டுப் புதுப் பிஸ்டன் மாட்டிய செலவு செலவுதான்; ஆனால் பம்ப் அன்றும் குற்றமற்றது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வண்டியில் உள்ள இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) யந்திரத்தின் சுபாவத்தை அறிந்தால், அன்று வந்த விபத்து வியப்பாகத் தோன்றாது. நான்கு வீச்சு யந்திரத்துக்கு அடியில் எண்ணெய்க் கிடங்கு உண்டு. எண்ணெய் சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்யும். இரு வீச்சு யந்திரத்திலோ, பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி கிராங்க் அறையின் வழியாகவே மேலே ஏறுவதால், அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இடமில்லை. கிராங்க் பேரிங், பிஸ்டன், சிலிண்டர்ச் சுவர் ஆகிய யாவும் அந்தந்தக் கணத்தில் வந்து சேரும் சொற்ப எண்ணெயை நம்பியே உயிர்வாழ்கின்றன. அதுவும் எரிந்து புகையாய்ப் போய்விடும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் குடும்பம் போன்றது இந்த யந்திரம். ஒரு வேளை வரத்து நின்றால் அந்த வேளையே பட்டினி.

1980-இல் வெளிவந்த டிவிஎஸ் 50 போன்ற வண்டிகளில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவதுதான் முறை. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-இல் தனித் தொட்டியும், ஆக்ஸிலரேட்டரைத் திருகும் அளவுக்கேற்ப எண்ணெய் தரும் பம்பும் இருந்தன. இதே ஏற்பாடுதான் இரு வீச்சு யந்திரம் பொருத்திய ஜெட் படகுகள் பலவற்றிலும் உண்டு. ஆழமற்ற ஆறுகளில் ஓடுவதற்கென்றே நியூசிலாந்துக்காரரான வில்லியம் ஹாமில்டன் 1950-களில் ஜெட் படகை உருவாக்கினார் என்று படித்தபோது, நம் பக்கத்து ஆறான குண்டாறு என் நினைவுக்கு வந்தது. ஆழமின்மையில் அதற்கு நிகரில்லை, நீர் ஒன்றுதான் குறை! படகில் அபாயம் இன்னும் அதிகம். யந்திரம் மூடிய உடலுக்குள் இருக்கும். முழு வேகத்தில் நெடுநேரம் முழங்கும். எண்ணெய் நின்றுபோனதை ஓட்டுபவர் அறியுமுன்னே பிஸ்டன் பிடித்துவிடும். ஆகையால் அங்கும் பலர் பம்பைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்துவிட்டு, கலவைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். நம் கண்மாய்ப் பாசனத்தில் கடைசி வயல் காய்ந்தால் நீர்பாய்ச்சி என்ன செய்கிறார்? மடையை இடித்துப் போடுங்கள் என்றா சொல்கிறார்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கே போய், தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு மடை திறந்திருக்கிறதா, வாய்க்காலில் மண் மேடிட்டதா, நண்டு வளை வழியே நீர் கசிகிறதா என்று நீரோடு கூடவே நடந்து வருகிறார். எண்ணெய்க்கும் அதே நடைதான். தொட்டியில் எண்ணெய், மூடியின் காற்றுத் துளை, அதற்கு அடுத்த வடிகட்டி, வெயிலில் மஞ்சளித்து விறைத்துப்போன குழாய், குழாய் இணைப்பின் வழியே உள்ளே புகுந்த காற்றுக்குமிழி என்று பார்த்துக்கொண்டே வந்த பின்னரே பம்பின் மீது சந்தேகம் போக வேண்டும். அப்போதும் பம்பின் கேபிள் கம்பெனி இட்ட குறியோடு பொருந்துகிறதா, எண்ணெயை யந்திரத்துக்குள் விடும் முனையில் உள்ள ஒருவழி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். குழாயைக் கழற்றி மாட்டியவர்கள் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் வண்டியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. புதுக் குழாய் மாட்டிய இரண்டாம் நாளே யந்திரம் பிடிப்பதன் ரகசியம் அதுவே. சோதிக்கும் நேரத்துக்கு மட்டும் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டினால், அந்தச் சோதனையிலேயே யந்திரம் சாகாது.

கலவையே பத்திரமானது என்று சொல்லும் மெக்கானிக்குகள் பொய் சொல்லவில்லை. பம்ப் இல்லாத இடத்தில் பம்ப் கெடுவதற்கில்லை. ஆனால் அந்தப் பத்திரம் முழுவதும் அளவில் இருக்கிறது. லிட்டருக்கு 20 மில்லி என்றால் ஐம்பதுக்கு ஒன்று, 40 மில்லி என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று. நம்மவர்களோ மூடி அளவையும் கைக்குறிப்பையும் நம்புகிறோம். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று ஊற்றும் எண்ணெய் பிளக்கைக் கறுக்கடித்து, சைலன்சரில் கரியாய்ப் படிந்து, ஊரையே புகைக்காடாக்குகிறது. தில்லியில் காற்று கெட்டதைக் கண்டு உச்ச நீதிமன்றம் 1998-இல் பிறப்பித்த உத்தரவுகளில், டூ-டி எனப்படும் இரு வீச்சு யந்திர எண்ணெயை உதிரியாக விற்பதைத் தடை செய்ததும் ஒன்று. அதிக எண்ணெயில் இன்னொரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது: கார்புரேட்டர் ஜெட்டின் துவாரத்தில் எண்ணெய் பிடித்த இடத்தில் அவ்வளவு பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிந்து யந்திரம் சூடேறுகிறது.

2015-க்குப் பிறகு டிவிஎஸ்ஸின் புதிய எக்ஸ்எல் வண்டியும் நான்கு வீச்சுக்கு மாறிவிட்டது. ஆகையால் எண்ணெயின் வழியே தேடிப்போகும் இந்த வித்தை வேண்டாததாகிவிட்டது என்று சிலர் வாதிக்கலாம். அதிகாலையில் மல்லிகைக் கூடையோடு சந்தைக்குப் போகும் பழைய வண்டிகள் அந்த வாதத்தை அறியா. மேலும், வடிகட்டியும் குழாயும் பம்பும் உள்ள யந்திரம் எதுவானாலும் தேடும் வழி ஒன்றே. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் பழைய இரு வீச்சு யந்திரம் ஒன்றை மேஜைமேல் ஏற்றி, கண்ணாடிபோல் தெளிந்த குழாய் பொருத்தி, ஆசிரியரே எங்காவது ஓர் அடைப்பை ஒளித்துவைத்துவிட்டு, "தொட்டியிலிருந்து தொடங்கு" என்று மாணவனிடம் விட்டுவிடலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு பிஸ்டன் செட்டின் விலைகூட ஆகாது.