பழைய காருக்குக் கூடுதல் மானி: துளையிடும் இடத்தில்தான் ஆபத்து

சிங்கப்பூரில் 2023ல் சிறிய கார்களுக்கான சிஓஇ கட்டணம் 100,000 வெள்ளியைத் தாண்டியது. சான்றிதழைப் புதுப்பித்துப் பழைய காரையே வைத்துக்கொள்வோரும் உண்டு. இயந்திரச் சூட்டையும் பேட்டரியையும் கண்காணிக்கும் கூடுதல் மானி அவர்களுக்குப் பயனுள்ளதே.

சிக்கல், அதைப் பொருத்தும் இடத்தில் இருக்கிறது. முன்கண்ணாடியின் ஓரத் தூண் கூரையைத் தாங்குகிறது. பல கார்களில் அதன் உறைக்குள் பக்கவாட்டுக் காற்றுப்பையும் உள்ளது. அங்கு திருகு முடுக்கினால், விபத்தின்போது காற்றுப்பை சரியாக விரியாமல் போகலாம். மானியே முகத்தில் தெறிக்கலாம். இரும்பில் இட்ட துளையில் துருவும் பிடிக்கும்.

ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி இணைப்பில் செருகும் மானிக்குத் துளையே தேவையில்லை.

10 ஆண்டைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. ஆனால், உறைக்குப் பின்னால் மறைந்த துளை அப்போது கண்ணில் படும் என நம்பியிருக்க முடியாது. துளையிடும் முன்பே பட்டறையில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.