ஊழியரும் அவர்தம் இல்லமும்

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்திய ஞாயிறு ஒன்றின் மாலைப் பொழுதில், எம் கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் சிலர் ஒன்றுகூடி, சிறை ஊழியம் செய்யும் முதிய போதகர் ஒருவரின் துணையோடு ஒரு சிறைச்சாலைக்குச் சென்றோம். கீர்த்தனைகள் பாடினோம், தின்பண்டங்கள் வழங்கினோம், நற்செயல் ஒன்று செய்து முடித்தோம் என்னும் மனநிறைவோடு விடைபெறலானோம். அவ்வேளையில், நரைத்த தலையினரான ஒருவர் எம் அருகில் வந்து, “தம்பிகளா, நீங்கள் வந்ததில் சந்தோஷம். ஆனால் தப்புச் செய்த நான் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். தண்டனை அனுபவிக்கிறவர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள். அங்கேயும் ஒரு நடை போய்ப் பார்க்கக் கூடாதா?” என்றார். எம்முள் ஒருவர்க்கும் மறுமொழி வாய்க்கவில்லை. திரும்பும் வழியில் நெடுநேரம் பேசாதிருந்த போதகர், “அவன் சொன்னது என் வீட்டுக்கும் பொருந்தும், பிள்ளைகளே! முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் சிறையிலே. என் பிள்ளைகள் என்னை எங்கே தேடினார்களோ!” என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பு எம்மைச் சிந்திக்கச் செய்தது.

குற்றத்தின் பயனைக் குடும்பமும் சுமக்கிறது என்பதை உலகம் ஒருவாறு அறியும். ஆனால் நற்செயலின் பாரத்தையும் குடும்பமே சுமக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாடு விட்டு நாடு வந்து தொண்டாற்றிய பெரியார்களின் வரலாற்றை நம் திருச்சபைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அவ்வரலாறுகளில் ஒருவர் வருகிறார், உழைக்கிறார், மறைகிறார். அவர்தம் மனைவியார்க்கு ஒரு வரி. மக்களுக்கு அரை வரி. இம்முறை முறையன்று என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது. இதனை நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குவோம்.

எம் காரைக்காலை அணைந்து கடலொடு கலக்கும் அரசலாறு, காவிரியின் ஒரு கிளை. அந்நீர் வந்த வழியே மேற்கு நோக்கிச் சென்றால், நாமக்கல் வட்டாரத்தில் கொல்லிமலை வானளாவி நிற்பதைக் காணலாம். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழ் பயில்வார் அனைவரும் அறிவர். இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட பாதை வழியே ஊர்திகள் ஏறுகின்றன. ஒரு நூற்றாண்டிற்கு முன்னரோ, காலால் நடந்தும் டோலியில் அமர்ந்துமே ஏற வேண்டியிருந்தது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே தங்கத் துணியார்.

அம்மலைக்குச் சென்றவர் ஜெசி பிராண்டு என்னும் பாப்டிஸ்டு மிஷனெரி. இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டு பிறந்து, கட்டடத் தொழில் பயின்று, 1907-இல் இந்தியா வந்தவர். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திற் பணிபுரிந்த காலத்தில், மேலே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் மருத்துவமும் கல்வியுமின்றி வருந்துதலை அறிந்தார். 1913-இல் அவர் மணந்த எவலின் அம்மையார், இலண்டன் மாநகரிற் செல்வக் குடும்பமொன்றில் 1879-இல் பிறந்தவர். ஓவியம் தீட்டுவதில் வல்லவர். மணம் முடித்த அன்றே இருவரும் மலை ஏறினர் என்பர். மரமும் பலகையும் சுமந்து மேலே கொண்டு சென்று, ஜெசி துரை தம் கையாலேயே வீடமைத்தார்.

பின்னர் நிகழ்ந்தவை ஒருவர் செயல் அல்ல. ஓர் இல்லத்தின் செயல். ஜெசி துரை பள்ளி அமைத்தார். தச்சுத் தொழில் கற்பித்தார். நரம்புச் சிலந்திப் புழுவினால் வருந்தினோரின் காலிலிருந்து அப்புழுவைச் சிறு குச்சியிற் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். அந்நோய் குடிநீர் வழியே பரவுவதாதலின், கிணற்றைச் சுற்றிக் கல்லால் சுவர் எழுப்பவும் நீரை வடிகட்டிப் பருகவும் மக்களுக்குக் கற்பித்தார். எவலின் அம்மையார் நோயாளரைப் பேணினார், குழந்தைகளை வளர்த்தார், கூடியிருந்தார்க்குப் போதித்தார். ஆயினும் பல ஆண்டுகள் அவர்கள் போதனையை ஏற்பார் ஒருவரும் இலர். உள்ளூர்ப் பூசாரியார் அவர்களைப் பெரிதும் எதிர்த்தார். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய கொடிய காய்ச்சல் மலையையும் பற்றியது. உறவினரே அணுக அஞ்சிய குடிசைகளுக்கு இவ்விருவரும் கஞ்சி காய்ச்சிக் கொண்டு சென்று ஊட்டினர். அக்காய்ச்சலில் உயிர் நீங்குந் தறுவாயிலிருந்த அப்பூசாரியார், தம் பெண் குழந்தையை இவர்கள் கையிலேயே ஒப்புவித்தார். அக்குழந்தை ரூத் என்னும் பெயரோடு அவ்வில்லத்தில் வளர்ந்தது. பல்லாண்டுப் பிரசங்கத்தால் ஆகாதது ஒரு கலயக் கஞ்சியால் ஆயிற்று. அக்கஞ்சியைக் காய்ச்சியது ஓர் அடுக்களை என்பதை மறத்தல் தகுமோ?

இனி, அக்குடும்பம் செலுத்திய விலையைக் காண்போம். மூத்த மகன் பால் 1914-இல் உதகமண்டலத்திற் பிறந்தவர். அவர்க்குப் பின் கானி என்னும் தங்கை. மலையிற் செருப்பின்றி ஓடி, மரமேறி, அத்திசை மக்களின் தமிழையே பேசி வளர்ந்த அச்சிறுவர் இருவரும், 1923-இல் கல்வியின் பொருட்டு இங்கிலாந்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். பாலுக்கு அப்போது வயது ஒன்பது. பெற்றோர் பிள்ளைகளை உறவினரிடம் விட்டு மலைக்கு மீண்டனர். தந்தையாரின் கடிதங்கள் தவறாது வந்தன. மரஞ்செடிகளையும் பறவைகளையும் பற்றி எழுதுவார். 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மலைக்காய்ச்சலின் கொடிய வகையாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெசி துரை தம் 44-ஆம் வயதில் மறைந்தார். தந்தி விரைந்து சென்றது. கடிதங்களோ கப்பலில் மெல்லச் சென்றன. ஆதலின், தந்தை இறந்தார் என்றறிந்த பின்னும் தந்தையின் கையெழுத்துத் தாங்கிய கடிதங்கள் அம்மகனுக்கு வந்துகொண்டே இருந்தன. அப்பிரிவிற்குப் பின் அவர் தந்தையின் முகத்தைக் காணவேயில்லை. அக்கடிதங்களைப் பிரித்த பதினான்கு வயதுச் சிறுவனின் நெஞ்சத்தை எந்தச் சபையின் அறிக்கையும் கணக்கில் எழுதவில்லை.

எவலின் அம்மையாரோ, கணவரை இழந்தபின் இலண்டன் சென்று மக்களைக் கண்டு, மீண்டும் இந்தியாவிற்கே வந்தார். முதுமை எய்தியபோது, மலையிற் பணிபுரிய அவரை அனுப்ப மிஷன் இசையவில்லை. சமவெளியிற் பணிபுரிந்து, ஓய்வு பெற்றதும், தம் பொறுப்பிலேயே மலை ஏறினார். எலும்பு முறிந்தபோதும் விட்டாரில்லை. குதிரை மீதேறியும், இரு கைகளிலும் கோலூன்றியும் மலைக்கு மலை சென்றார். கொல்லிமலையோடு நில்லாது கல்வராயன் மலை முதலிய பிற மலைகளிலும் தொண்டு பரப்பினார். 1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தம் 95-ஆம் வயதில் மறைந்து, கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் பெற்றார். ஜெசி துரை இந்தியாவில் வாழ்ந்தது இருபத்திரண்டு ஆண்டுகள். அம்மையார் கைம்பெண்ணாய் வாழ்ந்ததோ நாற்பத்தைந்து ஆண்டுகள். இவ்விரண்டில் எதனைப் பெரிது என்பது?

வாழ்நாளின் இறுதி இருபது ஆண்டுகள் அவர் தம் வீட்டில் முகக்கண்ணாடி வைத்திருக்கவில்லையாம். இதனைக் கேட்டதும் காரைக்காற் பிள்ளைகளாகிய எமக்கு, ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவிற் போற்றப்பெறும் புனிதவதியார் நினைவு வந்தது. அவரும் உடலழகை வேண்டாவென உதறியவர்; தலையால் நடந்து மலை ஏறியவர். சமயம் வேறு, காலம் வேறு; எனினும் அழகைத் துறந்து மலை ஏறிய மகளிரை மதிக்கத் தமிழ் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அடுப்படியில் நின்ற வணிகர் குலப் பெண்ணை நாயன்மார் வரிசையில் அமர்த்திய நாடு இது. அந்நாட்டில் வாழும் நம் திருச்சபை மட்டும் அம்மையாரைத் துரையின் மனைவி என்ற அளவில் நிறுத்திவிடலாகுமோ?

மகன் பால் பிராண்டு கட்டடத் தொழில் பயின்று, பின் மருத்துவரானார். 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று எண்ணியிருந்த உலகிற்கு, வலியை உணரும் ஆற்றல் அழிந்தமையால் நேரும் காயங்களே அவ்விரல்களைத் தின்கின்றன என்று காட்டினார். மடங்கிப் போன கைகளைத் தசைநாண் மாற்றும் சிகிச்சையால் மீண்டும் விரியச் செய்தார். நலம் பெற்றோர்க்குத் தொழில் கற்பிக்க நவஜீவ நிலையம் என்ற இல்லத்தையும் அமைத்தார். அவர்தம் மனைவியார் மார்கரெட் அம்மையார் கண் மருத்துவர்; தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் பெருந்தொண்டாற்றியவர். இவர்கள் தொண்டும் ஒருவகையிற் சிறை ஊழியமே என்போம். ஆதரவற்ற தொழுநோயாளரைப் பிடியாணையின்றிப் பிடித்து அடைத்துவைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம், 2016-இல் அன்றோ நீக்கப்பட்டது! குற்றம் செய்யாதே சிறைப்பட்டோர்க்குக் கதவு திறந்த கைகளுள் இக்குடும்பத்தின் கைகளும் உள்ளன.

“மகன் இத்துணைப் பெரியவராயினார், ஆகவே பிரிவின் துன்பம் பயனற்றுப் போகவில்லை, இதில் வருந்துதற்கு என்ன உண்டு?” என்று கேட்பார் உளர். இவ்வாதம் எமக்கு உடன்பாடன்று. கனி இனிதாயிற்று என்பதனால் வேர் வெட்டுண்ட துன்பம் இல்லையாகி விடாது. மேலும், எல்லாக் குடும்பங்களும் இவ்வாறு கனிந்தனவும் அல்ல. பாப்டிஸ்டு மிஷனெரிகளுள் முதல்வராய்ப் போற்றப்பெறும் வில்லியம் கேரியின் மனைவியார் டாரதி அம்மையாரை நினைக்க வேண்டும். இந்தியா வருதற்கு அவர் முதலில் இசையவில்லை. பலரும் வற்புறுத்திய பின்னரே 1793-இற் கப்பலேறினார். மறு ஆண்டில் ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் நோயால் இறந்தான். அம்மையாரின் அறிவு நிலை கலங்கியது, மீளவேயில்லை. 1807-இல் அவர் இறக்குமட்டும் அதே இல்லத்தில் கேரி மொழிபெயர்ப்புப் பணியிலாழ்ந்திருந்தார். கேரியின் புகழ் உலகறியும். அப்புகழின் அடியில், கேட்கப்படாத ஒரு பெண்ணின் அழுகுரல் உண்டு.

எவலின் அம்மையார்க்கும் டாரதி அம்மையார்க்கும் வேறுபாடு யாது? வலிமையிலன்று, இசைவிலே. முன்னவர் தாமே விரும்பி மலையைத் தேர்ந்தார்; பின்னவர்க்குத் தேரும் உரிமையே இல்லை. பிள்ளைகளுக்கோ இரு வீட்டிலும் அவ்வுரிமை இல்லை. ஆதலின், ஊழியத்திற்கு ஒருவரை அனுப்பும் சபை, அவரை மட்டும் அழைத்துக் கேட்டல் போதாது. அவர் மனைவியையும் கேட்டல் வேண்டும். பிள்ளைகளின் பொருட்டுத் தானே பொறுப்பேற்றல் வேண்டும்.

“அனைத்தையும் துறந்து பின்பற்றுவோர்க்கே பரம பதவி என்று வேதம் கூறவில்லையா?” என்று மூத்தோர் வினவலாம். கூறுகிறது, அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் துறப்பவர் தம்முடையதைத் துறக்கலாமேயன்றிப் பிறருடையதைத் துறத்தல் கூடாது. தந்தையின் நேரம் தந்தைக்கு மட்டும் உரியதன்று. அதில் பிள்ளைக்கும் பங்குண்டு. தன் வீட்டாரைப் பேணுதல் விசுவாசத்தின் கடமை என்று அதே வேதத்திற் பவுலடிகள் எழுதியிருத்தலையும் மூத்தோர் அறிவர்.

இப்பேச்சு அயல்நாட்டாரைப் பற்றியது மட்டுமன்று. எம்முள் ஒருவர் கிராமத்து உபதேசியாரின் மகன். கிறிஸ்து பிறப்பு நாளில் தந்தையார் மூன்று கிராமங்களில் ஆராதனை நடத்தி, இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும்வரை, அன்னையார் அடுப்பில் சோற்றைக் காத்திருந்ததை அவர் எமக்குச் சொல்லியிருக்கிறார். ஆண்டு விழாவில் தந்தையார்க்குச் சால்வை போர்த்தினார்கள். அன்னையார் பின்வரிசையிலிருந்து கைதட்டினார். தாமும் ஊழியத்திற்குப் போவதா வேண்டாவா என்பதை அந்நண்பர் இன்னும் துணியவில்லை. அவர் அஞ்சுவது வறுமைக்கன்று. இன்னொரு பெண் பின்வரிசையில் அமர்வதற்கு.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. ஊழியர் நினைவு நாளில் அவர்தம் இல்லத்தார் பெயரையும் கூட்டிப் படிக்க வேண்டும். ஊழியர் பிள்ளைகளின் கல்விக்கு ஒவ்வொரு சபையும் ஒரு நிதி ஒதுக்க வேண்டும். சிறை ஊழியம் செய்யும் மாணவர்களாகிய யாம், சிறைப்பட்டவரைக் காணும்போதெல்லாம், அவர் இசைந்தால் அவர் வீட்டையும் காண வேண்டும். இம்மூன்றாவதனை எம்மாலேயே தொடங்க முடியுமாதலின், தொடங்கிவிட்டோம். போதகர் வாயிலாக முகவரி பெற்று, தைத் திங்களில் ஒருநாள், அந்நரைத்த தலையினரின் வீட்டைத் தேடிச் சென்றோம். கதவைத் திறந்த அம்மையார் எம்மைக் கண்டு அஞ்சினார், செய்தி கூறியதும், “அவர் நன்றாக இருக்கிறாரா?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றோம். பாய் விரித்து எம்மை உட்காரச் சொன்னார்.