அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வருமா?

ஹீமோபிலியா ஏ உள்ள பிள்ளைக்கு, இரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தை ஊசியாகப் போடத் தொடங்கியதும், சில வேளை உடலே அந்த மருந்தை முறிக்கும் எதிர்ப்பொருளைச் செய்துகொள்கிறது. இதை இன்ஹிபிட்டர் என்பார்கள். நோய் கடுமையாக உள்ளவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேருக்கு இது வருகிறது. வந்துவிட்டால் வழக்கமான ஊசிக்கு இரத்தம் நிற்பதில்லை. மலேசியாவின் சிகாமட்டிலோ குளுவாங்கிலோ இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கிடைக்கும் விளக்கம் எளிமையானது: பரம்பரை, அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரும்.

இதில் பாதி உண்மை உண்டு. ஃபேக்டர் 8 மரபணுவின் பெரும்பகுதி இல்லாமலே பிறந்த பிள்ளையின் உடல் அந்தப் புரதத்தைக் கண்டதே இல்லை; ஊசியில் வருவதை அந்நியன் என்று அது விரட்டுவதில் வியப்பில்லை. மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் குறையுள்ள புரதமாவது உருவாகும், அத்தகையோரிடம் இன்ஹிபிட்டர் குறைவு. 2001இல் வெளிவந்த மால்மோ சகோதரர் ஆய்வில், குடும்பத்தில் ஏற்கெனவே இன்ஹிபிட்டர் இருந்தோருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 48 விழுக்காடு, இல்லாதோருக்கு 15. ஆனால் அந்த 48ஐத் திருப்பிப் பாருங்கள்: குடும்பத்தில் இருந்தும் பாதிப் பேர் தப்பியிருக்கிறார்கள். கடும் நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் காணப்படுவது, இந்த மரபணுவின் 22ஆம் இன்ட்ரான் என்ற இடத்தில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிய பிழை. எல்லோருக்கும் ஒரே பிழை, ஒரே இடம். இன்ஹிபிட்டரோ ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குத்தான்.

பிழை ஒன்றானாலும் நோயெதிர்ப்பை நடத்தும் மற்ற மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்டர்லூக்கின் 10 போன்றவற்றின் பங்கை ஆய்வுகள் சுட்டியுள்ளன. அதற்கு விடை 2016இல் வந்த சிப்பெட் ஆய்வில் இருக்கிறது. இந்தியா உட்பட 14 நாடுகளின் 251 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்து பெற்றவர்களில் 26.8 விழுக்காட்டினருக்கும், மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்ததைப் பெற்றவர்களில் 44.5 விழுக்காட்டினருக்கும் இன்ஹிபிட்டர் வந்தது. குலுக்கலில் பிரித்ததால் நல்ல மரபணுவும் கெட்ட மரபணுவும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுந்திருக்கும். ஆகவே இந்த இடைவெளிக்குக் காரணம் பரம்பரை அல்ல, குப்பியில் இருந்த மருந்து.

இன்னொரு பேச்சு, இனத்தைப் பற்றியது. 2009இல் அமெரிக்கக் கறுப்பின நோயாளிகளைக் கொண்டு செய்த சிறிய ஆய்வொன்று, மருந்தின் புரத வகை அவர்களுடைய வகையோடு பொருந்தாததே காரணமாகலாம் என்றது. பின்வந்த பெரிய ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பெட்டி பிரித்துக் கணிக்க இன்று அடிப்படை இல்லை.

மருந்துதான் காரணமென்றால் ஊசியைக் குறைத்தால் போதுமே என்பார் சிலர். அது ஆபத்தான முடிவு. கசியும் மூட்டு சில ஆண்டுகளில் முடங்கிவிடும். நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் அபாயத்தோடு சேர்ந்து தென்பட்டது, தொடக்க நாட்களில் பெரிய இரத்தக்கசிவுக்காகத் தொடர்ந்து கொடுத்த அதிக அளவு மருந்து. ஒழுங்காகப் போடும் தடுப்பு ஊசியோடு அபாயம் குறைந்தே காணப்பட்டது.

ஃபேக்டருக்குப் பதிலாகத் தோலடியில் போடும் எமிசிசுமாப் என்ற மருந்து இன்ஹிபிட்டர் இருந்தாலும் வேலை செய்கிறது, உண்மைதான். ஆனால் அறுவை சிகிச்சையிலும் பெரிய கசிவிலும் ஃபேக்டர் இன்னும் தேவைப்படும்.

மரபணுச் சோதனை, யாரை அதிகம் கவனிக்க வேண்டும் என்று சொல்லும். அதற்குமேல் தீர்ப்புச் சொல்லாது. இன்ஹிபிட்டர் பெரும்பாலும் முதல் 50 ஊசி நாட்களுக்குள் தலைகாட்டும். முதல் 20 நாட்கள் வரை ஐந்து ஊசி நாளுக்கு ஒரு முறை, பிறகு 50 வரை பத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்க்கச் சொன்னது உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2013 வழிகாட்டி. இரத்தத்தில் இன்ஹிபிட்டரின் அளவு 10 பெதஸ்டா அலகுக்குக் கீழ் இருக்கையில் தொடங்கினால், உடலை மருந்துக்குப் பழக்கும் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு கூடுகிறது. விதி என்று விட்டுவிடும் வீட்டில் தம்பிக்கு இந்தச் சோதனைகளே நடப்பதில்லை.