சிலம்பைத் திறவாமலே சிலம்பு எழுதுவோர்

சிலப்பதிகாரத்தின் ஒரு பக்கத்தையேனும் புரட்டாமல் சிலப்பதிகாரம் பற்றி நான்கு பக்கம் எழுதி, அதற்கு நல்ல புள்ளியும் பெற்றுவிடலாம் என்ற நிலையை நமது தமிழ்க் கல்வி மிகுந்த சிரத்தையுடன் உருவாக்கி வைத்திருக்கிறது. மாணவரின் சோம்பல் என்று இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். சோம்பேறியால் இந்தக் காரியம் ஆகாது. ஆசிரியர் குறிப்பு அரைப் பக்கம், கதைச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம், பாத்திரப் படைப்பு, உவமைச் சிறப்பு, ஈற்றில் இளங்கோவின் புகழ் என்றென்றும் நிலைக்குமென ஒரு வாழ்த்து. இவ்வளவையும் கையேட்டின் ஒழுங்கு குலையாமல் மனத்தில் இருத்த வேண்டுமெனில் பல இரவுகள் விழித்திருக்க வேண்டும். அந்த உழைப்பில் பாதி போதும், ஓர் உரையின் துணையுடன் புகார்க் காண்டத்தையே படித்து முடித்துவிடலாம்.

அந்த ஆசிரியர் குறிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சேரன் செங்குட்டுவனின் தம்பி. நிமித்திகன் சொல்லைப் பொய்யாக்கத் துறவு பூண்டவர். ஐயந்திரிபற நிறுவப்பட்ட வரலாறு போல எல்லாக் கட்டுரைகளிலும் இவை வந்து அமர்ந்துவிடுகின்றன. செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் இப்படியொரு தம்பியைப் பற்றிய பேச்சே இல்லை என்பதையும், நூலின் காலத்தைச் சில நூற்றாண்டுகள் பின்னுக்குக் கொண்டுவந்த வையாபுரிப்பிள்ளை போன்றோரும் இருந்தனர் என்பதையும் மாணவருக்குச் சொன்னால் எந்தக் குடி முழுகிவிடும்? அவற்றை அவர்கள் ஏற்க வேண்டியதில்லை. இப்படியும் ஒரு கட்சி உண்டு என்று அறிந்தால் போதும். நமது உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று மாற்றாரின் கருத்தையும் எடுத்துச் சொல்லி, பிறகுதான் அதை மறுத்தார்கள். அந்த மரபின் வாரிசுகள் என்று மார்தட்டும் நாம், பிள்ளைகளின் காதில் மாற்றுக் கருத்து விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் கட்டுரைப் போட்டியொன்றுக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். நடத்தியவர்கள் யார் என்பது இங்கு அவசியமில்லை. கண்ணகியின் சிறப்பு என்பது தலைப்பு. கட்டுக்கட்டாக வந்த கட்டுரைகளுள் பெரும்பாலானவை ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தொடக்க வாக்கியங்கூட மாறவில்லை. அவற்றினிடையே ஒரு மாணவியின் கட்டுரை மட்டும் வேறாக இருந்தது. கண்ணகிக்குச் சாந்தி செய்வதற்காகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று பலியிட்டான் என்று நூல் சொல்கிறதே, குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன்தானே, மற்றவர்கள் செய்த பிழை என்ன என்று அவள் கேட்டிருந்தாள்.

ஏனைய நடுவர்கள் அதனை ஒதுக்கிவிட்டனர். தலைப்புக்குப் புறம்பானது, காப்பியத்தின் பெருமைக்கு இழுக்கு என்பன காரணங்கள். இந்த வயதிலேயே இப்படிக் கேட்கப் பழகினால் பிறகு எங்கே போய் நிற்கும் என்று ஒருவர் கவலைப்பட்டார். அரசவை ஏறி அரசனையே கேள்வி கேட்டதற்காகப் போற்றப்படும் பெண்ணைப் பற்றிய போட்டியில் இந்தக் கவலை எழுந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நான் வாதாடிப் பார்த்தேன். ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தச் செய்தி நூலின் ஏதோ ஒரு மூலையில் ஒளிந்துகிடப்பது அன்று. பதிகத்தை அடுத்து வரும் உரைபெறு கட்டுரையிலேயே இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கும் எவர் கண்ணிலும் முதற் சில பக்கங்களுக்குள் படும். அதே உரைபெறு கட்டுரையில்தான் இலங்கைக் கயவாகு மன்னன் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்த செய்தியும் வருகிறது. நமது மாணவர் கட்டுரைகளில் கயவாகு தவறாமல் இடம்பெறுகிறான். அது நமது நாட்டுப் பெருமை. அவனுக்குச் சில வரிகள் முன்னே வெட்டுண்டு கிடக்கும் ஆயிரம் பேரைக் கையேடு கண்டுகொள்வதில்லை.

ஒருவன் செய்ததற்காக அவன் பிறந்த கூட்டத்தையே தண்டிப்பது என்றால் என்னவென்று 1983 ஜூலைக்குப் பின்னர் நமக்கு எவரும் உரை எழுதித் தரவேண்டியதில்லை. திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதற்கு விலை கொடுத்தவர்கள், அதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கொழும்புக் கடைக்காரரும் எழுதுவினைஞரும் தோட்டத் தொழிலாளரும். இப்படியொரு மண்ணில் பிறந்த பிள்ளை அந்தப் பொற்கொல்லர்களிடம் வந்து நின்று தயங்குகிறாள் என்றால், அவள் அந்த நூலை உண்மையாகவே படித்திருக்கிறாள் என்று பொருள். அதற்குப் புள்ளியில்லை என்றோம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளின் நிலை இன்னும் விசித்திரமானது. வைகாசியில் சடங்கு தொடங்கினால் கண்ணகி வழக்குரை அவர்கள் ஊர்க் கோயில்களில் பாடப்படுகிறது. குளிர்த்தி நடக்கிறது. கொம்புமுறி விளையாட்டில் ஊரே கண்ணகி கட்சி, கோவலன் கட்சி என்று பிரிந்து நின்ற காலத்தைக் கண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். சிங்கள மக்கள் அதே தெய்வத்தைப் பத்தினி என்று வணங்குகின்றனர். அந்த வழிபாடு பற்றி கணநாத் ஒபேசேகர 1984இல் பெருநூலே எழுதினார். இளங்கோவின் கண்ணகிக்கும் ஊர்க் கோயில் கண்ணகிக்கும் என்ன வேற்றுமை என்று ஒரு வினாக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எழுதுவதைப் பார்த்துப் பேராசிரியர்களும் குறிப்பெடுக்க நேரலாம். நாமோ காதில் விழுந்த வழக்குரையை மறந்துவிட்டு ரியூட்டரி நோட்சை ஒப்புவிக்கச் சொல்கிறோம்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் சிலம்பைப் படித்த விதம் வேறு. அரங்கேற்று காதையின் இசைப் பகுதியை விளங்கிக்கொள்ளப் புகுந்த அவரது நெடுநாள் உழைப்பே 1947இல் யாழ் நூலாக வெளிவந்தது. தினகரன் ஆசிரியராக இருந்து பின்னர் பல்கலைக்கழகம் சென்ற கைலாசபதி, அகலிகை கதை காலந்தோறும் ஏன் மாறியது என்று கேட்டு 'அடியும் முடியும்' நூலில் ஆராய்ந்தார். இருவர் படங்களையும் பாடசாலைச் சுவர்களில் மாட்டி, அவற்றின் கீழேயே கையேடு விநியோகிக்கிறோம்.

ஆசிரியர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்துபவருக்கு ஒரே அளவுகோல் வேண்டும். வறிய பாடசாலைகளில் மூல நூலின் ஒரு பிரதி கிடைப்பதே அரிது. ஆயின் அளவுகோல் புகழ்ச்சியை மட்டுமே அளப்பது ஏன்? நூல் இல்லாத இடத்திற்கும் கையேடு மட்டும் எப்படிப் போய்ச் சேருகிறது? மாதிரி விடைகளைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு விற்பனையைப் பெருக்கிய எமது பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களுக்காக ஆண்டுதோறும் கண்ணீர் வடிக்கிறோம். எரியாமல் எஞ்சிய நூலை எத்தனை பிள்ளைகள் கையில் கொடுத்தோம்? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் அன்பர்களும் தம் போட்டித் தலைப்புகளை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

இப்போது கணினியே கட்டுரை எழுதித் தருகிறதாம், மாணவர் கெட்டுப்போகிறார்களாம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த கட்டுரையொன்றை நண்பரொருவர் காட்டினார். வாழ்த்து உட்பட அப்படியே கையேட்டு நடை. இத்தனை காலமும் பிள்ளைகளிடம் நாம் கேட்டு வாங்கியதை அந்த இயந்திரம் களைப்பில்லாமல் தருகிறது, அவ்வளவுதான்.

கல்வி அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இலக்கிய வினாத்தாளுக்கு மூல நூலையே பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டுவர அனுமதியுங்கள். உரை வேண்டாம், கையேடு வேண்டாம், வெறும் பாடம் மட்டும். 'சிறப்பினை விளக்குக' என்ற வினாவை எடுத்துவிட்டு, உரைபெறு கட்டுரையைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த ஆயிரவர் பற்றி உன் கருத்தென்ன என்று கேளுங்கள். புத்தகத்தைப் புரட்டிப் பழகாதவர் யார் என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும். திருத்துபவர்களுள் யார் என்பதும் அத்துடன் தெரியவரும்.