பரிசுப் பணமும் விளையாட்டும்

"விளையாட்டு வினையாகும்" என்று பெரியோர் எச்சரித்தனர். இன்றோ விளையாட்டே தொழிலாகவும் ஆகிவிட்டது. வீடியோ விளையாட்டுப் போட்டிகளில் கோடிக்கணக்கான டாலர் பரிசு என்று கேட்டதும், "இதுவும் சூதுதானே!" என்று பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். நம்மில் சிலரோ, "படித்து என்ன பயன்? விளையாடியே கோடீஸ்வரி ஆகலாமே!" என்று கண்களை அகல விரிக்கின்றோம். இவ்விரண்டும் அவசர முடிவுகள் என்பதே நம் கருத்து.

சூதாடுகிறவர் தம் பணத்தைப் பணயம் வைக்கிறார். போட்டியாளர் முன்வைப்பதோ பயிற்சியையும் திறமையையும். 2019ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையில் தனிநபர் பட்டம் வென்ற அமெரிக்கர் கைல் கியர்ஸ்டார்ஃபுக்கு அப்போது வயது 16. பரிசு 30 இலட்சம் டாலர். அதே ஆண்டு சீனப் பெண்மணி லி சியாவ்மெங், ஹார்த்ஸ்டோன் உலக இறுதிப் போட்டியில் வென்று 2 இலட்சம் டாலர் பெற்றார். அப்பட்டத்தை வென்ற முதல் பெண் அவரே. ஆகவே இது ஆண்களுக்கு மட்டுமே உரிய களம் என்பாரும் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

ஆனால் இப்பணம் எங்கிருந்து வருகிறது? டோட்டா 2 என்னும் விளையாட்டின் வரலாற்றைப் பார்ப்போம். 2011இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த அதன் முதல் உலகப் போட்டியின் மொத்தப் பரிசு 16 இலட்சம் டாலர். 2013 முதல், வால்வ் நிறுவனம் ரசிகர்களுக்கு அலங்காரப் பொருள்கள் அடங்கிய சிறப்புச் சந்தாவை விற்று, அதில் நான்கில் ஒரு பங்கைப் பரிசில் சேர்த்தது. 2021இல் ருமேனியாவின் புகாரெஸ்டில் பரிசு 4 கோடி டாலரை எட்டியது! கேட்க வியப்பாக உள்ளது. ஆனால் ரசிகர் தந்த ஒவ்வொரு நான்கு டாலரிலும் மூன்று டாலர் நிறுவனத்துக்கே போயிற்று என்பதையும் மறக்கலாகாது. வந்திருந்த 18 அணிகளில் வென்ற ஓர் அணிக்கு மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 82 இலட்சம் டாலர்! மற்ற 17 அணிகளுக்கும் சேர்த்துப் பாதியைச் சற்றே தாண்டிய தொகைதான். 2023இல் அம்முறை மாற்றப்பட்டதும், சியாட்டிலில் மொத்தப் பரிசு 30 இலட்சம் டாலரைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே!

புரவலர் தரும் பணமும் நிலையானதன்று. 2021இல் எஃப்.டி.எக்ஸ். என்னும் கிரிப்டோ நாணய நிறுவனம், டி.எஸ்.எம். என்னும் அமெரிக்க அணியின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள, பத்து ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. 2022 நவம்பரில் அந்நிறுவனமே திவாலாயிற்று. ஆற்று மணலில் வீடு கட்டியவர் கதைதான்!

இதனால் பரிசே வேண்டாம், புரவலரே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கிரிக்கெட்டுக்கும் டென்னிசுக்கும் விளம்பரதாரர் இல்லையா? முறை சீர்பட வேண்டும் என்றே வேண்டுகின்றோம். பரிசு பலருக்கும் பகிரப்பட வேண்டும். மேற்சொன்ன ஃபோர்ட்நைட் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் குறைந்தது 50,000 டாலர் உறுதி செய்யப்பட்டது நல்ல முன்மாதிரி. ஆட்டக்காரர்களுக்குப் பரிசை நம்பி வாழும் நிலை இன்றி, மாதச் சம்பளம் வேண்டும். நம் வயதினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது பெற்றோர் அருகிருந்து ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். பள்ளிப்படிப்பு தடைபடாது என்ற உறுதியும் அதில் இடம்பெற வேண்டும்.

அன்புப் பெற்றோரே! உங்கள் பிள்ளை இத்துறையை நாடினால் உடனே சினம் கொள்ளாதீர்கள். "சம்பளம் யார் தருவார்? தோற்றால் என்ன செய்வாய்?" என்று அன்போடு கேளுங்கள். தோழியரே! அக்கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாதவரை பாடப்புத்தகத்தை மூடிவிடாதீர்கள். வென்றவரின் படம் செய்தித்தாளில் வருகிறது. தோற்ற ஆயிரம் பேரின் படம் வருவதில்லை. அவர்களையும் எண்ணிப் பார்த்து, தெளிந்து முடிவெடுப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி