இஹ்சான் வேறு, இழப்பீடு வேறு



ஜொகூரில் வெள்ளம் வந்தால் நம் கோயில் மடப்பள்ளியில் பெரிய அண்டா ஏறும். சோறு கட்டுவோம், பாய் சேர்ப்போம், நிவாரண மையத்துக்கு ஓடுவோம். அது நம் கடமை. ஆனா இந்த முறை வேறு ஒன்று பேசணும்.

2023 மார்ச் வெள்ளம் ஞாபகம் இருக்கா? 40,000 பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். பத்து பஹாட் பக்கம் மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கன்றுச் செம்பனை நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் செத்துப்போகும். காய்க்கிற மரத்திலும் பழத்தை வெட்ட முடியாது, அழுகும். மாடு வைத்திருந்தவர்கள் கதையைச் சொல்லவே வேண்டாம்.

“இயற்கைப் பேரிடர், யார் என்ன செய்ய முடியும்?” என்பார்கள். மழை ஆண்டவன் கொடுப்பது, சரி. ஆனா தண்ணீர் எங்கே தேங்கணும் என்பதை மனுஷன்தானே பாதி முடிவு செய்கிறான்? பெக்கோக், செம்புரோங் அணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அணையில் தேக்கினால் மேலே இருப்பவன் நிலத்துக்கு ஆபத்து, திறந்தால் கீழே இருப்பவனுக்கு ஆபத்து. பட்டணத்தைக் காக்கக் கரையை உயர்த்தினால், அங்கே ஏறாத தண்ணீர் கரையில்லாத பக்கம் போகும். அது பெரும்பாலும் சிறு தோட்டக்காரர் நிலம்.

அணை வேண்டாம், கரை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயிரம் வீட்டைக் காக்க பத்துத் தோட்டத்தில் தண்ணீர் விடணும்னா விடட்டும். அந்தப் பத்துப் பேருக்கு யார் பதில் சொல்வது? அதுதான் கேள்வி.

இப்போது கிடைப்பது என்ன? ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் ‘வாங் இஹ்சான்’. இஹ்சான் என்றால் கருணை. பெயரே சொல்கிறது. கருணைக்கு நன்றி சொல்லலாம், கணக்குக் கேட்க முடியாது. இழப்பீடு அப்படி இல்லை. அது உரிமை.

அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு, போதிய இழப்பீடு இல்லாமல் ஒருவர் சொத்தைக் கட்டாயமாக எடுக்கக்கூடாது என்கிறது. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமும் இருக்கிறது. நிலத்தை எடுத்தால் பணம் உண்டு. பட்டாவை அவர் கையிலேயே விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் அனுப்பினால்? பட்டா இருக்கும், விளைச்சல் இருக்காது, விற்கப் போனால் வாங்கவும் ஆள் வராது. இது மட்டும் எடுத்ததாக ஆகாதா?

“தாழ்ந்த நிலத்தை ஏன் வாங்கினார்கள்?” என்று நம்ம ஆளுங்களே கேட்கிறாங்க. கரை கட்டுவதற்கு முன்பே வாங்கியவர் என்ன செய்வார்? பட்டணமும் தாழ்ந்த இடத்தில்தானே கட்டியிருக்கு? அதற்கு மட்டும் கரை, இவருக்கு உபதேசமா?

இது நடக்காத காரியமும் இல்லை. 2011 மே மாதம் அமெரிக்காவில் கெய்ரோ என்ற ஊரைக் காக்க மிசிசிப்பி ஆற்றுக்கரையை வெடி வைத்து உடைத்தார்கள். சுமார் 1,30,000 ஏக்கர் விளைநிலம் மூழ்கியது. ஆனால் அங்கே வெள்ளம் விடும் உரிமையை அரசு பல வருடங்களுக்கு முன்பே நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து வாங்கியிருந்தது. அதுவும் போதாது என்று விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். நெதர்லாந்தில் ஓவர்டீப்ஸே என்ற இடத்தில் ஆற்றுக்கு நிலம் விட்ட பண்ணைக்காரர்களுக்கு மேடு போட்டுக் கொடுத்தார்கள். அதன்மேல் புதுப் பண்ணை எழுந்தது.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? பிட்டுக்கு மண் சுமந்த கதை நமக்குத் தெரியாதா? வைகை உடைந்தபோது பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்கு கரை அளந்து விட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு. அவளுக்காக ஈசனே கூடை தூக்கினான். அவன் முதுகில் விழுந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. நம் ஊரில் மட்டும் ஏழைத் தோட்டக்காரன் முதுகில் விழுகிற அடி யாருக்கும் வலிக்கவில்லையே!

நாங்கள் கேட்பது மூன்று. கரையோ மதகோ கட்டுமுன், யார் நிலத்துக்கு ஆபத்து கூடும் என்று வரைபடத்தோடு சொல்லுங்கள். அந்த நிலத்துக்கு முன்கூட்டியே விலை பேசுங்கள். தண்ணீர் விட்ட ஒவ்வொரு முறையும் பயிருக்கும் மாட்டுக்கும் தனிக் கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

பக்தர்களே, அன்னதானத்தை நிறுத்த மாட்டோம். ஆனா நம் சோற்றுப் பொட்டலம் அரசாங்கம் கடனை மறக்க வழியாகிவிடக்கூடாது. அடுத்த திருவிழாவுக்கு ஒய்.பி. வரும்போது மாலை போடுங்கள், பரிவட்டம் கட்டுங்கள். கூடவே இந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்.

ஓம் நமசிவாய 🙏 பகிருங்கள்.